சென்னையில் ஓர் இத்தாலிய விருந்து: பாஸ்தாவைத் திருப்பி அனுப்பியது எங்கள் தவறா?

குறுக்குத்துறைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் படித்த நாங்கள் ஐந்து பேர், ஆண்டுக்கு ஒரு முறையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவது என்று வைத்திருக்கிறோம். பெரும்பாலும் அது வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு பரோட்டாக் கடையில் முடிந்துவிடும். இந்த முறை எங்களில் ஒருவனுடைய மகளின் நிச்சயதார்த்தத்திற்காக எல்லோரும் சென்னைக்குப் போயிருந்தோம். மறுநாள் இரவு அவன் எங்களை ஓர் இத்தாலிய உணவகத்திற்கு அழைத்துச் சென்றான். வெள்ளைத் துணி விரித்த மேசையும், மங்கலான விளக்கும், பாதிக்கு மேல் இத்தாலியப் பெயர்களாகவே இருந்த உணவுப் பட்டியலுமாக, பழைய முறையை விடாமல் நடத்துகிற இடம் அது. எனக்கு அவர்கள்மீது ஒரு மனக்குறை இருப்பதால் பெயர் வேண்டாம்.

எங்கள் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லி, மேசை நடுவில் வைக்கச் சொன்னோம். தக்காளி வைத்த ரொட்டி, இரண்டு வகை பாஸ்தா, ஒரு பீட்சா, ஒரு மீன். பரிமாறிய இளைஞர், ஒவ்வொன்றாகக் கொண்டுவரட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம், மொத்தமாகவே வரட்டும் என்றோம். வந்த ஸ்பகெட்டியைக் கடித்ததும் என் நண்பன், "ஏல, இது நடுவுல வேவவே இல்லயே" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. திருப்பி அனுப்பினோம். பத்து நிமிடம் கழித்து அது கொழகொழவென்று திரும்பி வந்தபோது மீன் ஆறிப்போயிருந்தது, பீட்சா தோலாக இழுத்தது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. எங்களில் ஒருவன் சைவ வீட்டுக்காரன், முட்டைகூடத் தொடமாட்டான். பச்சைப் புள்ளி போட்டிருந்த மிளகுப் பாஸ்தாவைத்தான் அவன் சாப்பிட்டான். பாதி முடிந்தபோது, பக்கத்து மேசையில் யாரோ கேட்டதற்கு, இந்தப் பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு உறைய வைக்கிறார்கள் என்று அதே இளைஞர் விளக்கிக்கொண்டிருந்தார். நண்பன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இத்தாலியச் சாப்பாட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் நண்பர்களோடு எப்படிச் சாப்பிட வேண்டும்? திருப்பி அனுப்பியது தவறா?

கடலோரச் சமையல்:

அண்ணாச்சி, நான் தூத்துக்குடிக்காரன். பயணக் கப்பல் ஒன்றின் அடுப்படியில் பாஸ்தாப் பகுதியில் ஒன்பது ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அதனால் உங்களுடைய முதல் கேள்விக்கு உள்ளேயிருந்து பதில் சொல்ல முடியும்.

நடுவில் சற்று எதிர்ப்புக் காட்டுவதுதான் அந்தப் பாஸ்தாவின் பக்குவம். அல் தெந்தே என்பார்கள். பல்லுக்குப் படுகிற பதம் என்று பொருள். நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு என்பது அங்கே வீட்டிலும் கடையிலும் சொல்லும் கணக்கு. முழுப் பதம் வருவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பே எடுத்து, பக்கத்து அடுப்பில் காத்திருக்கும் சாஸில் போட்டு, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுக் குலுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் நம் வடிகஞ்சி மாதிரிதான். அதிலுள்ள மாவும் எண்ணெயும் சேர்ந்து பால்போலத் திரண்டு இழையில் ஒட்டிக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தில்தான் உணவே உருவாகிறது. ஏற்கெனவே அப்படி முடித்து வந்த தட்டைத் திருப்பி அனுப்பினால் அடுப்படியில் இருப்பவனால் என்ன செய்ய முடியும்? மீண்டும் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்திருப்பான். சாஸ் பிரிந்துபோயிருக்கும். உங்களுக்கு வந்தது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாஸ்தாவை நாம் சோறு என்று எண்ணிக்கொள்கிறோம். சாஸைக் குழம்பு என்று எண்ணி, "இவ்வளவுதானா ஊற்றினான்" என்கிறோம். குழம்புச் சோற்றை விட்டுவிடுங்கள். பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்த சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருக்கையிலும் மெல்லியதாகப் பூசியிருக்கும், இலையில் வழியாது. அவர்களுடைய அளவு அது.

மேலரதவீதி:

அடுப்படிக்காரர் சொல்வது அடுப்படிக்கு நியாயம். காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்குத் தன் பல்லுக்கு ஏற்றபடி கேட்க உரிமை கிடையாதா? தோசையை முறுகலாகக் கேட்கிறோம், காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்கிறோம். இத்தாலியன் கடை என்றதும் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கைகட்டி உட்கார வேண்டுமா? வேகவில்லை என்று தோன்றினால் சொல்வதில் தவறே இல்லை. சென்னையில் கடை வைத்தவன் சென்னைக்கு வருகிறவர்களின் நாக்கை அறிந்திருக்க வேண்டும்.

அம்பை ஆசிரியர்:

மேலரதவீதி அன்பரின் தோசை உவமை பாதிதான் பொருந்துகிறது. முறுகல் தோசை கேட்கலாம். ஆனால் திருநெல்வேலி அல்வாவைக் கையில் ஒட்டாமல் கட்டியாகத் தா என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? அது வேறு பண்டம் என்பார். வேதியியல் கற்பித்தவன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அல்வாவும் அவர்கள் பாஸ்தாவும் கோதுமையின் இரண்டு பாதிகள். அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, பாலை எடுத்துக்கொண்டு சக்கையை எறிந்துவிடுகிறோம். பால் என்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கையில் ரப்பர் போல இழுபடும் அந்தச் சக்கையில்தான் தவிட்டோடு குளூட்டன் என்னும் புரதத்தின் பெரும்பகுதி தங்குகிறது. நாம் எறிகிற அந்த இழுவைச் சத்தை நம்பித்தான் பாஸ்தா நிற்கிறது. இத்தாலியில் விற்பனைக்குச் செய்யும் உலர் பாஸ்தாவை துரும் கோதுமையின் ரவையிலிருந்தே செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தார்கள். துரும் என்பது கடினமான, புரதம் மிகுந்த கோதுமை. குளூட்டன் ஒரு வலைபோல நின்று மாவுச்சத்தை உள்ளே பிடித்துக்கொள்கிறது. அளவுக்கு மேல் வேகவைத்தால் வலை தளர்ந்து மாவு தண்ணீரில் கரைந்துவிடும்; மேற்புறம் பசையாகும். ஆகவே அல் தெந்தே என்பது இத்தாலியரின் பிடிவாதம் மட்டுமில்லை. இடியாப்பத்தோடு நாம் ஒப்பிடும் இடமும் இங்கேதான் தவறுகிறது. அரிசியில் குளூட்டன் கிடையாது. அதனால்தான் இடியாப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றுகிறோம், பிழிந்ததைத் தண்ணீரில் போடாமல் ஆவியில் அவிக்கிறோம். அது மெத்தென்று இருப்பதே அதற்கு அழகு. உருவம் ஒன்றாக இருப்பதால் நம் நாக்கு ஏமாந்துபோகிறது.

பிழியும் உரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பாஸ்தாவை வெண்கல அச்சில் பிழிகிறார்கள். இழையின் மேற்பரப்பு சொரசொரப்பாக வரும், சாஸ் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுப் பித்தளை உரலில் பிழிந்த இடியாப்பத்தையும் இந்தக் காலத்து வழவழப்பான அச்சில் பிழிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மிலானிலிருந்து தென்காசிக்காரி:

நான் இங்கே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குறுக்குத்துறை அண்ணாச்சி சொன்னதைப் படித்தபோது என் முதல் மாதம் ஞாபகத்துக்கு வந்தது. நானும் அப்படித்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டேன்.

இங்கே சாப்பாடு ஒரு வரிசை. தொடக்கத்தில் ஆன்டிபாஸ்டோ என்னும் சிறு பண்டங்கள்; பிறகு ப்ரீமோ, அதாவது பாஸ்தா, ரிசோட்டோ என்னும் கிண்டிய அரிசி உணவு, சூப் இவற்றில் ஒன்று; அதன்பின் செகோந்தோ, இறைச்சி அல்லது மீன்; அதனுடன் காய்கறிக்குத் தனித் தட்டு; கடைசியில் இனிப்பு, அதற்கும் பிறகு கறுப்புக் காப்பி. மீனுக்குத் தொட்டுக்கொள்ளப் பாஸ்தா வருவதில்லை, பாஸ்தாவே தனி ஒரு சுற்று. நம் விருந்திலும் பருப்பு, சாம்பார், ரசம், மோர் என்று வரிசை இருக்கிறது. ஆனால் நமக்கு இலை ஒன்று. கூட்டும் பொரியலும் முதலிலேயே வந்து காத்திருக்கும். அவர்களுக்குத் தட்டு மாறும், மேசை வெறுமையாகும், அந்த இடைவெளியில்தான் பேச்சு. நண்பர்களோடு போனால் இரண்டரை மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும். அந்த இளைஞர் இரண்டு முறை கேட்டது இதற்காகத்தான் இருக்கும்.

எல்லாச் சுற்றையும் எல்லோரும் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆன்டிபாஸ்டோ ஒன்றிரண்டை நடுவில் வைத்துப் பகிர்வது இங்கேயும் வழக்கம். அதற்குப் பிறகு ஒரு பாஸ்தாவோ ஒரு மீனோ போதும் என்று நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆனால் பாஸ்தா வந்துவிட்டால் அவரவர் தட்டு அவரவருக்கு. பீட்சாவும் நேப்பிள்ஸ் முறையில் ஆளுக்கு ஒன்று முழுதாக வரும். விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்து வருவதால் உடனே சாப்பிட வேண்டும். நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் தோலாகத்தான் இழுக்கும். அண்ணாச்சி எழுதியது போலவே.

சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டால் தருவார்கள், ஆனால் ஒரு பார்வை பார்ப்பார்கள். பால் கலந்த காப்பி இங்கே காலை வேளைக்கு உரியது. மீன் பாஸ்தாவின் மேல் பாலாடைக்கட்டி கேட்டாலும் அதே பார்வை கிடைக்கும். பல உணவகங்களில் ரசீதில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம் அது. பணம் கொடுக்கும் முறைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். யார் என்ன சாப்பிட்டார் என்று பார்க்காமல் மொத்தத்தைச் சமமாகப் பிரிப்பதற்கு "ரோமானிய முறையில் கொடுப்பது" என்பார்கள். நம் ஊரில் ரசீதைப் பறிக்க நடக்கும் கைகலப்பு இங்கே கிடையாது. எனக்கு அது ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

மேலரதவீதி:

சமமாகப் பிரித்தால் அந்த சைவ நண்பர் மீனுக்கும் சேர்த்துக் கொடுத்தாரா?

குறுக்குத்துறைக்காரன்:

அழைத்துப் போனவனே கொடுத்துவிட்டான். கைகலப்பு வாசலில் நடந்தது.

பாளை மதினி:

இந்த இழையில் எல்லோரும் பாஸ்தாவின் பதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாதிச் சாப்பாட்டில் முள்கரண்டியைக் கீழே வைத்தவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்களுடையதும் சைவ வீடு. என் மகன் வெளிநாட்டில் இருந்தபோது இந்த விஷயத்தை நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் சாப்பிட்டது காச்சோ எ பெப்பேயாகத்தான் இருக்க வேண்டும். பெக்கோரினோ ரோமானோ என்னும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியும் கருமிளகும் தவிர அதில் வேறு ஒன்றும் கிடையாது. அந்தக் கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் இன்னொரு பாலாடைக்கட்டிக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது. பால், உப்பு, அந்த உறைபொருள், குறைந்தது பன்னிரண்டு மாதக் காத்திருப்பு. இவற்றைத் தவிர வேறொன்றும் சேர்க்கக்கூடாது என்பது அவர்களுடைய விதி. ஆகவே அதில் சைவ வகை என்று ஒன்று இருக்க முடியாது. நம் ஊர்க் கடைகளில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸ் நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருளால் செய்தது; அதனால்தான் நமக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

உணவகம் இறக்குமதிக் கட்டியைப் பயன்படுத்திக்கொண்டு பட்டியலில் பச்சைப் புள்ளியும் போட்டிருந்தால், அது அவர்கள் தவறு. சந்தேகமே வேண்டாம். முறை தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டது உங்கள் தவறு என்று வைத்துக்கொண்டாலும், இந்தத் தவறை அதனோடு சேர்த்துச் சமன் செய்யக் கூடாது. பதம் தவறினால் ஒரு தட்டு போகும். இது ஒருவருடைய பழக்கத்தையே தொட்டுவிடுகிறது.

இனிப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சைவர்களுக்கு அந்தச் சமையலில் இடமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பூண்டும் எண்ணெயும் காய்ந்த மிளகாயும் மட்டும் போட்ட ஸ்பகெட்டி இருக்கிறது. முறைப்படி அதில் கட்டியே சேராது. தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும் வைத்த மரினாரா என்னும் பீட்சாவிலும் கட்டி கிடையாது. பெயரில் கடல் இருந்தாலும் மீனும் கிடையாது. சிசிலிக்காரர்களின் கபோனாத்தா கத்திரிக்காயும் புளிப்பும் இனிப்புமாக நம் நாக்குக்கு மிக நெருங்கி வரும். உலர் பாஸ்தாவில் பொதுவாக முட்டை இருக்காது, ஆனால் புதிதாகப் பிசைந்து வெட்டும் தாலியத்தெல்லேயில் இருக்கும். ரிசோட்டோவைப் பெரும்பாலும் இறைச்சி வடிநீரில்தான் கிண்டுகிறார்கள். காளான் ரிசோட்டோ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். திராமிசு என்னும் இனிப்பில் சேரும் மாஸ்கர்போனே என்னும் மென்மையான கட்டி, புளிப்புப் பொருள் சேர்த்துத் திரிய வைப்பது, அதில் தடையில்லை. ஆனால் முட்டை உண்டு, சில இடங்களில் மதுவும் உண்டு. "சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆம்" என்றுதான் பதில் வரும். "எந்தக் கட்டி, எந்த வடிநீர்?" என்று கேட்க வேண்டும்.

ஒரு சிறு செய்தி. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, இங்குள்ளவர்களோடு பழகுவதற்காகப் புலால் உணவையே விட்டுவிட்டார். சென்னையில் உணவகம் நடத்துகிறவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அம்பை ஆசிரியர்:

மதினி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் அந்தப் பகுதியைக் கடந்துபோனதற்கு வருந்துகிறேன்.

குறுக்குத்துறைக்காரன்:

மதினியின் பதிவை அந்த நண்பனுக்கு அனுப்பினேன். இரண்டு முறை படித்ததாகச் சொன்னான். "அவங்க மேல கோபம் இல்லடே, நான் கேட்டிருக்கணும்" என்பது அவனுடைய பதில். அப்படிச் சொல்கிறவன்தான் அவன். பச்சைப் புள்ளி போட்ட பிறகு அவன் ஏன் கேட்க வேண்டும் என்பது என்னுடைய வாதம். உணவகத்திற்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் ஸ்பகெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்பகெட்டி விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேகவில்லை என்று நண்பன் சொன்ன உடனே நானும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேனே தவிர, இரண்டாவது வாய் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தென்காசித் தங்கையிடம் சொல்ல வேண்டும். நடுவில் வைத்து ஐந்து பேர் எடுத்துச் சாப்பிடுவது எங்களுக்கு வெறும் பழக்கம் இல்லை. விடுதியில் ஒருவன் வீட்டிலிருந்து வரும் பொட்டலத்தை ஐந்து பேர் பிரித்த நாட்களிலிருந்து வருகிறது. தனித்தனித் தட்டில் சாப்பிட்டால் சேர்ந்து சாப்பிட்டதாகவே எங்களுக்குத் தோன்றாது.

மிலானிலிருந்து தென்காசிக்காரி:

அண்ணாச்சி, அப்படியானால் ஒரே பாஸ்தாவை ஐந்து பேரும் கேளுங்கள். ஒரே பெரிய தட்டில் கொண்டுவந்து மேசையில் பிரித்துத் தருவார்கள். இங்கே வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படித்தான் நடக்கும். பாட்டி ஒரு கலத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் எடுத்துப் போடுவார். ஐந்து பேரும் ஐந்து வேறு பண்டங்களைக் கேட்டு எல்லாவற்றையும் கலந்ததுதான் சிக்கல்.

மேலரதவீதி:

இந்த யோசனையை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்கமாட்டேன். ஒரு பந்தி, ஒரு பண்டம். புரிகிறது. ஆனால் கடிபடுகிற ஸ்பகெட்டி எனக்கு இப்போதும் வேகாத ஸ்பகெட்டிதான்.

குறுக்குத்துறைக்காரன்:

அடுத்த மாதம் ஐந்து பேரும் பாளையங்கோட்டையில் என் வீட்டில் கூடுகிறோம். நானே செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். பூண்டும் எண்ணெயும் மிளகாயும் போட்ட ஸ்பகெட்டி, ஒரே பண்டம், எல்லோருக்கும். இத்தாலியர்கள் போடும் பேசில் என்னும் துளசி வகை இலைக்குப் பதிலாக எதைப் போடுவது? அது நம் சந்தையில் கிடைப்பதில்லை.

பாளை மதினி:

உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கக்கூடும். திருநீற்றுப் பச்சிலை என்கிறோமே, பேசில் அதன் இனம்தான். சப்ஜா விதை அதிலிருந்துதான் வருகிறது. நம் செடியின் வாசனை சற்றுக் காட்டமாக இருக்கும், குறைவாகப் போடுங்கள். ஆனால் பூண்டு எண்ணெய் ஸ்பகெட்டிக்கு அது வேண்டாம். தக்காளி வைத்துச் செய்தால் போடுங்கள்.

கடலோரச் சமையல்:

ஐந்து பேருக்கு அரைக் கிலோ, ஐந்து லிட்டர் தண்ணீர், ஐம்பது கிராம் உப்பு. உப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். பூண்டை மெல்லியதாகச் சீவி, எண்ணெய் சூடேறும் முன்பே போட்டு, சிறு தீயில் வையுங்கள். பூண்டு சிவந்தால் கசந்துவிடும். ஓரம் பொன்னிறமானதும் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீரை ஊற்றிச் சூட்டை அடக்கிவிடுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்திற்கு இரண்டு நிமிடம் முன்பு ஓர் இழையை எடுத்து நகத்தால் வெட்டி நடுவில் பாருங்கள். குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் எடுத்து வாணலியில் போட்டுவிடலாம். அந்தப் புள்ளி வாணலியில் வேகும். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பகெட்டியைத் தண்ணீரில் போட வேண்டும்; முன்கூட்டிச் செய்து மூடி வைத்தால் நான் சொன்னது எல்லாம் வீண்.

குறுக்குத்துறைக்காரன்:

எங்களில் ஒருவன் எதற்கும் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வருவான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்ட பிறகு போடுகிறேன்.